நெபுலாவின் வேகம்

"தௌஃபீக் சொன்னது தப்பு மேடம். கையெழுத்துப் போடுங்க."

அங்கயற்கண்ணி புகார்க் கடிதத்தை ஜெசிந்தாவின் மேசைமேல் வைத்தாள்.

பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு நாற்பத்தைந்து வயதில் மலைமேல் இருந்த அந்த வானாய்வகத்துக்கு வந்தவள் அவள். குரு ஜெசிந்தாவோ அவளைவிட ஆறு வயது இளையவர். தௌஃபீக் அவளுக்குப் பிறகு சேர்ந்தவன். ஆனால் எல்லோர் வாயிலும் அவன் பேர்தான். அவளுக்கு மூன்று வேளையும் வயிறு எரிந்தது.

"என்ன தப்பு?"

"அந்தக் கிழட்டு நட்சத்திரம் ஊதித் தள்ளின வாயு, அதைச் சுத்தி வளையமா நிக்குதே, அந்த நெபுலா மொத்தமா விநாடிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்துல நம்மள விட்டு விலகிப் போகுதுன்னு எழுதியிருக்கான். மார்ச்சுல நான் அளந்தேன். நாற்பது!"

"இந்தக் கடிதம் போனா அவனை வெளியே அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும்."

சொன்னதும் அவள் நெஞ்சு குளிர்ந்தது. மறைப்பானேன்?

"போடறேன். அதுக்கு முன்னாடி, செப்டம்பர்ல அதே நெபுலாவோட ஒளியைப் பிரிச்சு அவன் எடுத்த நிறமாலையில வேகத்தை நீங்களே ஒரு தடவை அளந்துடுங்க. உங்க முறையிலேயே."

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஓடினாள். மூன்று தடவை அளந்தாள். சாப்பாட்டு மணி அடித்தது காதில் விழவில்லை.

திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"விலகவே இல்ல மேடம்! பதினாறு கிலோமீட்டர் வேகத்துல நம்ம பக்கம் வருது!"

"மார்ச்சுல ஓடிப்போச்சு. செப்டம்பர்ல திரும்பி வந்துடுச்சா?"

"அது..."

"அவ்வளவு பெரிய நெபுலா. அதுக்கு வேற வேலையே இல்லையா?"

அங்கயற்கண்ணி காகிதத்தைப் பார்த்தாள். நாற்பதில் பதினாறைக் கழித்தாள். பாதியாக்கினாள்.

பன்னிரண்டு.

பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. மார்ச்சில் நெபுலாவை விட்டு விலகி, செப்டம்பரில் அதை நோக்கி; முப்பதில் இருபத்தெட்டு அந்தத் திசையில். இருபது வருடம் ஏழாம் வகுப்புக்கு அவளே நடத்திய பாடம். தௌஃபீக் அந்த ஓட்டத்தைக் கழித்திருந்தான். அவள் கழிக்கவில்லை.



"நாற்பதுல பன்னிரண்டு நெபுலாவோடது," என்றார் ஜெசிந்தா. "மீதி இருபத்தெட்டு?"

அங்கயற்கண்ணி புகார்க் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"என்னோடது மேடம்."