இறங்க மறுத்த கேட்

நாவல்குறிச்சிக்கு ரயில் வந்து போய்க்கொண்டிருந்த காலத்தில், ஊருக்கும் சந்தைக்கும் நடுவே ஒரு ரயில்வே கேட் இருந்தது. சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை அடித்த நீளமான இரும்புக் கை. கொஞ்சம் தள்ளி ஒரு கைகாட்டி மரம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு கட்டுப்பாடு உண்டு. கேட் இறங்கிப் பூட்டு விழுந்தால்தான் கைகாட்டி தன் கையைத் தாழ்த்தும். கை தாழ்ந்தால்தான் ரயில் உள்ளே வரும். கேட் திறந்திருந்தால், எப்பேர்ப்பட்ட ரயிலும் தூரத்திலேயே நின்று கூவிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கேட்டுக்கு ரயில் என்றால் உயிர். பஸ் என்றால் ஆகவே ஆகாது. மூடியிருக்கும் நேரமெல்லாம் பஸ்கள் வரிசைகட்டி நின்று முகத்துக்கு நேராக ஹாரன் அடித்தன. ஒரு டவுன் பஸ் பொறுமை இல்லாமல் முட்டி, அதன் நுனியையே கோணலாக்கிவிட்டுப் போயிற்று. அந்தக் கோணலை யாரும் நிமிர்த்தவில்லை. கேட் அதை மறக்கவும் இல்லை.

பிறகு ரயிலை நிறுத்தினார்கள். தண்டவாளத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். அந்தத் தடத்திலேயே தார் போட்டு அதிவேக பஸ் விட்டார்கள். கேட்டை மட்டும் விட்டுவைத்து, பழைய கேட்கீப்பர் சந்தியாகுவையே தினக்கூலிக்கு அமர்த்தி, “பஸ் வரும்போது கேட்டைப் போட்டுடுங்க” என்று சொல்லிப் போனார்கள்.

“பஸ்ஸுக்கா? நானா?” என்றது கேட்.

“நிற்க இடம் கிடைத்ததே, அதைச் சொல்லு” என்றது கைகாட்டி. அதன் கம்பியை அறுத்துப் போட்டிருந்தார்கள். அது வெறுமனே நின்றுகொண்டிருந்தது.

“ரயில் செத்த பாயில் வந்து படுக்கிறவனுக்கு நான் குனிய வேண்டுமா?”

முதல் நாள் பஸ் வந்தது. வெள்ளை நிறம், முழுக்கக் கண்ணாடி, துளி சத்தம் இல்லை. கேட் வேண்டாவெறுப்பாக இறங்கி நின்று, “என்னைத் தெரிகிறதா?” என்று கேட்டது.

“யார் நீ?”

“என் மூக்கைக் கோணலாக்கியது உன் இனம்.”

“நான் போன மாதம்தான் வந்தேன். எனக்கு நேரமாகிறது” என்று சொல்லிப் போய்விட்டது பஸ்.

முட்டுப்பட்ட அன்றைக்குக்கூடக் கேட்டுக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

“நாளைக்கு நான் இறங்கப் போவதில்லை” என்றது கைகாட்டியிடம். “நான் இறங்காவிட்டால் அவனுக்கு வழி கிடையாது. சந்தைக்கூட்டம் பார்க்க நின்று கத்தட்டும்.”

“அவனை நிறுத்த என் கை இல்லையே. கம்பி அறுந்து கிடக்கிறது.”

“கம்பிதானே அறுந்தது? முறையுமா அறுந்துவிட்டது?”

மறுநாள் சந்தை. சந்தியாகு கேட்டை இறக்கும் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினார். கேட் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அவர் முக்கினார், வைதார், காலால் உதைத்தும் பார்த்தார். கேட் அசையவில்லை.

மீன் விற்கிற சின்னப்பொண்ணு தலையில் அன்னக்கூடையோடு வந்தாள்.

“என்னண்ணே, சக்கரத்தோட மல்லுக்கட்டுறீங்க? காலையில கஞ்சி குடிக்கலையா?”

“இறங்க மாட்டேங்குது தாயி. நேத்து நல்லாத்தான் இருந்துச்சு.”

“உங்ககூடவே இருந்து அதுக்கும் உங்க குணம் வந்துருச்சு.”

“வாய் மட்டும் நீளம் உனக்கு. நில்லு, வண்டி வர்ற நேரம். எண்ணெ டப்பா எடுத்துட்டு வந்துர்றேன்.” அவர் குடிசைக்குள் குனிந்தார்.

“வண்டி வந்தா கேட்டு போட்டிருக்குமே! தூக்கித்தானே இருக்கு!” என்று சிரித்துக்கொண்டே அவள் நடந்தாள்.

அவள் சொன்னது கேட்டின் காதில் விழுந்தது. அப்போதுதான் அதற்கு உறைத்தது. இறங்கப் பார்த்தது. ஆனால் காலையிலிருந்து இறுக்கிப் பிடித்த பிடியை அதனாலேயே விட முடியவில்லை. துருவும் பல்லும் ஒன்றாய்க் கவ்விக்கொண்டிருந்தன.

தரை அதிரவில்லை. கூவல் இல்லை, புகை இல்லை. பஸ் வந்தது. நிற்கவில்லை.

தார் ரோடெல்லாம் மீன் சிதறிக் கிடந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, கேட் தடாலென்று இறங்கியது.

போலீஸ் வந்தது. “ஐயா, கேட்டு இறங்கலைய்யா” என்று சந்தியாகு அழுதார்.

“இரும்பு மேலயா பழி போடுற? இந்தா இறங்கித்தானே இருக்கு” என்று அவரை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஜீப் போனதும், “அவன் நின்றிருக்க வேண்டாமா?” என்று கேட் கேட்டது.

“ரயில் என்றால் நின்றிருக்கும்” என்றது கைகாட்டி.

அடுத்த நாள் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டு பஸ் வந்தது. சக்கரத்தைச் சுற்ற ஆள் இல்லை. கேட் தானாகவே இறங்கி, தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது.

“நேற்று எனக்கு உன் மேல்தான் கோபம்” என்றது.

“என் மேலா? எதற்கு?” என்று கேட்டது பஸ். பதிலுக்காக அது நிற்கவில்லை.