பாட்டன் முகம் பதித்த காசு

கேளுங்கள் பெரியவர்களே, பிள்ளைகளே! யவனக் கப்பல்கள் மிளகுக்காக நம் கரையில் காத்துக் கிடந்த காலத்தில், கழிமுகப்பட்டினத்தை நெடுஞ்சாத்தன் என்றொரு மன்னன் ஆண்டுவந்தான். நல்ல மன்னன்தான். அடுத்தவர் நிலத்தைப் பிடுங்குவதென்றாலும் ஒரு நியாயம் காட்டிவிட்டுத்தான் பிடுங்குவான்.

அவனுக்குக் கடற்காற்று வாங்க ஒரு மாளிகை கட்ட ஆசை. காற்று நன்றாக வீசிய இடத்திலோ கொற்றி என்பவளின் உப்புப் பாத்திகள் இருந்தன. அவளுக்கும் அவளுடைய மூன்று பெண்களுக்கும் சோறு போட்டது அந்த உப்புதான்.

ஒருநாள் பாத்தியை ஆழப்படுத்தியபோது அவளுக்கு ஒரு கலயம் நிறைய வெண்கலக் காசுகள் கிடைத்தன. சேதி அரண்மனைக்குப் போயிற்று. மன்னன் ஒரு காசை வாங்கிப் பார்த்தான். நடுவில் ஓர் ஆணின் தலை, சுற்றிலும் ஏதோ எழுத்து.

"என் பாட்டனார் முகம் மாதிரி இருக்கிறதே! அப்படியானால் இது கிடைத்த இடம் எங்கள் பரம்பரை நிலம் அல்லவா?" என்றான். பாட்டனாரை அவன் கண்ணால் கண்டதே இல்லை.

சபையில் காசு ஆராயும் பண்டிதர்கள் மூவர் இருந்தார்கள். முதல் பண்டிதர் மூக்கைப் பார்த்தார். "அதே மூக்கு!" என்றார். இரண்டாம் பண்டிதர் எழுத்தைப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. "தங்கள் பாட்டனாரின் பட்டப்பெயர்தான் மன்னா, எங்களைப் போன்றோருக்கே விளங்கும்" என்றார். மூன்றாம் பண்டிதர் தலையிலிருந்த இலைமாலையைப் பார்த்தார். "போரில் வென்று சூடிய மாலை" என்றார். பாட்டனார் போர் என்றால் படுத்துக்கொள்வார் என்பது ஊரறிந்த சங்கதி.

மூவரும் நாள் முழுக்கப் பார்த்தார்கள். காசைத் திருப்பிப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. முன்பக்கத்திலேயே பரிசு கிடைக்கும்போது பின்பக்கம் எதற்கு?

மறுநாள் மன்னன் கொற்றியை அழைத்து, பாட்டனார் காசென்று அதைக் காட்டி, பொழுது சாய்வதற்குள் நிலத்தைக் காலிசெய்யச் சொன்னான். அவள் பணிவாகவே கும்பிட்டாள்.

"சரி ராசா, கிளம்பிடுறேன். அதுக்கு முன்னால அந்தக் காசைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

மன்னன் திருப்பினான். அங்கே ஓர் ஓநாய் நின்றது. அதன் மடியில் இரண்டு குழந்தைகள் பால் குடித்துக்கொண்டிருந்தன.

"முன்னால இருக்கிறது உங்க பாட்டன்னா, பின்னால பால் குடிக்கிறது உங்க அப்பாவும் சித்தப்பாவுமா ராசா? யவன மாலுமிங்க கையில இதே காசை நான் பாத்திருக்கேன். இது அவங்க ராசா தலையாம். அவங்க ஊரை உண்டாக்கினவங்களை ஓநாய்தான் பால் குடுத்து வளத்துச்சாம். எது சரின்னு பண்டிதருங்கதான் சொல்லணும்."

சபையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மூன்றாம் பண்டிதர், "ஓநாய்ப்பால் வீரத்துக்கு..." என்று தொடங்கினார். மன்னன் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

"யவனக் காசேதான். எனக்கு முதலிலேயே தெரியும்" என்றான் மன்னன்.

"எங்களுக்கும் தெரியும்!" என்றார்கள் மூவரும் ஒரே குரலில்.

யவனக் காசென்று கண்டுபிடித்த புலமைக்காகப் பண்டிதர்கள் மூவருக்கும் பொன்னாடை கிடைத்தது. கொற்றிக்கோ, அவளுடைய நிலத்தையே தானமாக வழங்கி, அதைக் கல்லிலும் வெட்டிவைத்துக்கொண்டான் அந்த வள்ளல்.

ஆகையால் தெரிந்துகொள்ளுங்கள்: ஆளுக்குத் தகுந்தபடி ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு, மறுபக்கத்தைத் திருப்பத் துணிந்த ஒருவர் முன்னால் நிற்காது.