உப்பைக் கையில் கொடுக்காத காரணம்

அந்தக் காலத்தில் கல்லுக்கும் புகைக்கும் வாய் இருந்தது. கடல் தண்ணீரைக் குடத்தில் மொண்டு அப்படியே குடிக்கலாம். உப்பு என்ற சொல்லே யாருக்கும் தெரியாது.

கடலோரக் குப்பம் ஒன்றில் வெண்ணி என்றொரு பெண் இருந்தாள். புன்னைக் கொட்டையைச் செக்கிலிட்டு விளக்குக்கு எண்ணெய் எடுப்பது அவள் வேலை. புருஷன் கீரன் கட்டுமரத்தில் மீன்பிடிக்கப் போவான். அல்லி என்று ஒரு கைக்குழந்தை.

குப்பத்துக்குப் பின்னால், மணல்மேட்டுக்கு நடுவே ஒரு பள்ளம். அதில் பச்சை மூச்சு குடியிருந்தது. வெளிறிய பச்சை நிறம். காற்றைவிடக் கனமானது, அதனால் மேலே எழும்பாது. காற்று விழுந்துவிட்ட உச்சிவேளைகளில் பள்ளத்திலிருந்து வழிந்து, மணலை ஒட்டியே ஊர்ந்து வரும். முதலில் கோழிகள் செத்தன. பிறகு நாய்கள். நின்றுகொண்டிருந்த மனிதர்கள் கண் எரிச்சலோடும் இருமலோடும் தப்பித்தார்கள். படுத்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

செத்தவற்றின் குரலெல்லாம் அதற்குள் போய்விடும். நல்ல வெயிலில், வாசலில் ஒரு உயிரும் இல்லாதபோது, தரையிலிருந்து கோழி கொக்கரிக்கும். நாய் முனகும். அதற்கப்புறம் அந்தக் குரல்களிலேயே அது பேசும்.

"ஒன்று கொடு. எனக்கு ஒன்று குறைகிறது."

குப்பத்துத் தலைவன் திரையன், வெண்ணியின் அண்ணன். அவன் ஓர் ஆட்டைக் கொண்டுபோய்ப் பள்ளத்தருகே கட்டினான். மறுநாள் அது ஆட்டின் குரலில் வந்து, "ஒன்று கொடு" என்றது. இன்னொரு ஆட்டைக் கட்டினான். அதற்கும் அதே பேச்சுத்தான்.

ஒருநாள் கடலுக்குப் போய் வந்த அசதியில் கீரன் கட்டுமர நிழலில் கண்ணயர்ந்தான். வெண்ணி கஞ்சி கொண்டு போனபோது அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. கழுத்தில் போட்டிருந்த துண்டு நிறம் போய் வெளுத்திருந்தது.

அடுத்த நாள் உச்சியில் அவள் வாசலில் குரல் கேட்டது.

"வெண்ணி, கஞ்சி ஆறிப்போச்சா?"

அது கீரனின் குரலேதான். பேச்சின் கடைசியில் லேசாக இழுக்கும் அந்த இழுப்புகூட மாறவில்லை. அவள் கதவைத் திறந்தாள். கணுக்கால் உயரத்துக்குப் பச்சை நின்றது.

"ஒன்று கொடு, வெண்ணி."

அவள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். ஆனால் மறுநாள் உச்சிவேளைக்காகக் காத்திருந்தாள். அதற்கு மறுநாளும் காத்திருந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பேச்சுக் கொடுத்தாள். நாளுக்கு நாள் பச்சை உயர்ந்து வந்தது. முழங்காலைத் தொட்டது. தொடைக்கு வந்தது. அல்லியின் தூளியை அவள் மேலே மேலே ஏற்றிக் கட்டினாள். கடைசியில் அதைக் கட்ட, கூரை விட்டத்துக்கு மேலே இடமில்லை.

"குழந்தையை எடுத்துக்கொண்டு கிளம்பு. படகைத் தள்ளப்போகிறோம்" என்றான் திரையன்.

"இரண்டு நாள் பொறு, அண்ணே. கொட்டை கொஞ்சம் பொறுக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். போகிற இடத்தில் பிழைக்க வேண்டாமா?"

புன்னைத் தோப்பில் ஒரு கிழட்டு மரம் இருந்தது. அதன் பொந்தில் விழுந்து நசுங்கிய கொட்டைகளின் எண்ணெய் வருஷக்கணக்காகத் தேங்கியிருந்தது. உள்ளே கையை விட்ட வெண்ணிக்கு உரித்த தேங்காய் அளவில் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தாள். கல்போல இல்லை, வெண்ணெய்க் கட்டிபோல மெத்தென்றிருந்தது. நகம் பட்ட இடம் வெள்ளியாக மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கியது.

"உன் கை ஈரமா?" என்று அது பதறியது.

"இல்லை. எண்ணெய்தான்."

"சரி, அப்படியே இருக்கட்டும். மழைக்குப் பயந்துதான் இங்கே ஒளிந்திருக்கிறேன். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் எரிந்துவிடுவேன். என்னிடம் ஒன்று கூடுதலாக இருக்கிறது, பெண்ணே. அதை வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, நல்லபடியாக வாங்கிக்கொள்ள ஆளும் இல்லை."

வெண்ணி கட்டியை எட்டப் பிடித்தாள். "என்ன அது? உயிரா?"

"உயிரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒரு கடுகைக் கோடி கூறு போட்டால் வரும் துணுக்கைவிடச் சிறியது. என் ஒவ்வொரு துணுக்கிலும் அப்படி ஒன்று கூடுதல்."

பச்சை மூச்சு இத்தனை நாள் கேட்டது ஆட்டையும் இல்லை, ஆளையும் இல்லை, இந்த ஒன்றைத்தான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ஆனால் அவள் எண்ணெய் அளக்கிறவள். அளக்காமல் எதையும் செய்யமாட்டாள். காலை வேளையில் பச்சை பள்ளத்துக்குள் அடங்கிக் கிடந்தபோது, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு போய், எண்ணெய் மொள்வதுபோல ஒரு குடம் மொண்டு வந்தாள். கட்டியிலிருந்து புன்னைக் கொட்டை அளவு அறுத்து, அனல் காட்டி உள்ளே போட்டாள். மஞ்சள் ஒளி குடத்தின் வாய் வழியே சீறியது. ஆறியபின் பார்த்தால் பச்சையும் இல்லை, வெள்ளியும் இல்லை. அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி. அதைத் தராசில் வைத்தாள். போட்ட துண்டைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கனத்தது. பச்சை எங்கேயும் போய்விடவில்லை, பொடிக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டாள்.

துடுப்பை விட்டுப் பள்ளத்தின் ஆழம் பார்த்தாள். அதில் நூறு குடம் கொள்ளும். கட்டியை நிறுத்துப் பார்த்தாள். நூறு கொட்டைக்குச் சரியாக இருந்தது.

மறுபடி குடத்தோடு போனபோது பச்சை விலகி விலகிப் போனது. அனல் காட்டிய துண்டொன்றை அதை நோக்கி வீசினாள். துண்டு ஈர மணலில் விழுந்து, அலறி, வெடித்து வீணாயிற்று.

"எறியாதே, வெண்ணி" என்றது கீரனின் குரல். "குடத்தைக் கண்டாலும் பயமாக இருக்கிறது. நானாக எடுத்ததெல்லாம் செத்துத்தான் போயிற்று. கையில் கொடு."

அவள் கட்டியிடம் வந்தாள். "ஒரு கொட்டை வீணாகிவிட்டதே. மிச்சம் போதுமா?"

"ஒரு குடம் நீ முன்னமே மொண்டுவிட்டாய் அல்லவா? இப்போதும் சரிக்குச் சரிதான்" என்றது கட்டி. பிறகு தயங்கியது. "கையில் வைத்துக்கொண்டு போனால் உன் கை பிழைக்காது."

அன்று உச்சியில் பச்சை இடுப்பளவு வந்தது. அல்லியைத் தூளியோடு அண்ணன் கையில் கொடுத்துப் படகில் ஏற்றிவிட்டு, வலது கை நிறைய எண்ணெய் பூசி, கட்டியை ஏந்திக்கொண்டு வெண்ணி பள்ளத்தை நோக்கி நடந்தாள். திரையன் கத்திக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. பள்ளத்தின் விளிம்பில் நின்றாள்.

"வந்துவிட்டாயா?" என்றது குரல்.

"வந்துவிட்டேன். நீங்கள் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் ஒருமுறை என் பெயரைச் சொல்லுங்கள்."

"வெண்ணி" என்றது அது, அதே இழுப்போடு.

அவள் கங்கு ஒன்றைக் கட்டியின்மேல் வைத்துக் கையை நீட்டினாள்.

குப்பத்தில் யாருக்கும் கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை. கடல், மணல், மனித முகங்கள் எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரிந்தன. சத்தமே இல்லை. கோழியின் குரல், நாயின் முனகல், ஆட்டின் கத்தல், கீரனின் குரல் எல்லாம் ஒரே நொடியில் அறுந்தன. கட்டியும் அதற்குப் பிறகு பேசவில்லை. பள்ளம் முழுவதும் வெள்ளை வெளேரென்று கிடந்தது. விளிம்பில் வெண்ணி விழுந்து கிடந்தாள். மூச்சு இருந்தது. வலது கை மணிக்கட்டுவரை கருகி, விரல்கள் மடங்கியபடி இறுகிப்போயிருந்தன.

புண் ஆற இரண்டு மாதமாயிற்று. எழுந்து நடமாடத் தொடங்கியதும் பள்ளத்திலிருந்து ஒரு பிடி வெள்ளையை அள்ளி வந்து தண்ணீரில் போட்டாள். அது கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பானையின் வாயில் காதை வைத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர் வற்றும்வரை வெயிலில் வைத்தாள். வெள்ளை திரும்ப வந்தது, குரல் வரவில்லை. கடைசியில் அந்த வெள்ளையில் ஒரு கல்லை எடுத்துக் கஞ்சியில் போட்டாள்.

"அதைத் தின்னாதே, விஷம்!" என்று திரையன் ஓடி வந்தான்.

அவள் விழுங்கிவிட்டிருந்தாள். அவர் குரல் இதற்குள்தானே போயிற்று, எனக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்துத்தான் விழுங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு வாய் கஞ்சி குடித்தாள். பிறகு பானையை வழித்துக் குடித்தாள். பிறந்ததிலிருந்து குடித்த கஞ்சிக்கு அன்றைக்குத்தான் ருசி இருந்தது.

செய்தி பரவியது. அந்த வெள்ளைக்கு உப்பு என்று பெயரும் வந்தது. பள்ளத்து வெள்ளையை மழை கரைத்துக் கடலில் சேர்க்குமுன் அள்ளி வைக்க எல்லோரும் ஓடினார்கள். அல்லியைத் தூக்கிக்கொண்டு வந்த அண்ணி, "எனக்கும் ஒரு பிடி கொடு" என்று உள்ளங்கையை நீட்டினாள்.

வெண்ணி இடது கையில் அள்ளினாள். நீட்டியிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கருகிய வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். குனிந்து, உப்பைத் தரையில் ஓர் ஓட்டின்மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கினாள்.

"நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணி" என்றாள்.

அன்று முதல்தான் நாம் உப்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லை. கேட்டவர் கை நீட்டினாலும், கீழே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறோம்.