கிணற்றுக்குப் போன சம்மதம்

கோணப்பட்டிக்காரர்கள் செல்போன் வாங்கியபோது, புத்தியும் அதோடு சேர்ந்து வரும் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கொஞ்ச நாள் நம்பியிருந்தார்கள். பாவம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அந்த ஊர் மொக்கராசு, மேலப்பட்டியில் பவுனுத்தாயைப் பெண் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து சோறு தண்ணி இல்லாமல் கிடந்தான். அவள் கொடுத்த காபியில் சர்க்கரையே இல்லை. அவனுக்கு அதுவும் தித்தித்தது. மறுநாள் பெண்ணின் அப்பா சோலைமலையிடமிருந்து செய்தி வந்தது: "பொண்ணுக்குச் சம்மதம். உங்க முடிவை மெசேஜ்ல மட்டும் சொல்லுங்க. பொழுது சாயறதுக்குள்ள வரலேன்னா வேற மாப்பிள்ளை பார்த்திருவோம்."

மொக்கராசு உடனே செல்போனைக் கையில் எடுத்தான். 'சம்மதம்' என்று அடித்து, தாய்மாமன் ஒச்சப்பனிடம் காட்டினான்.

"மொட்டையா இருக்கேடா," என்றார் ஒச்சப்பன். "சிரிச்சுக்கிட்டுச் சொல்றமா, மொறச்சுக்கிட்டுச் சொல்றமான்னு அவுகளுக்கு எப்படித் தெரியும்? சிரிச்ச மூஞ்சி போடு. வீட்டுல எத்தனை பேரோ, அத்தனை."

"செத்துப்போன பெரியப்பாவுக்கு?" என்று கேட்டான் அக்காள் புருஷன் அழகுமலை.

மூவரும் நெடுநேரம் யோசித்தார்கள். அவருக்குக் கண்ணை மூடிய மூஞ்சி என்று முடிவானது.

அனுப்பினார்கள். ஒரே ஒரு டிக் விழுந்தது, இரண்டாவது வரவேயில்லை.

"பாதி வழியில நிக்குது போல," என்றார் ஒச்சப்பன். "நல்ல சேதியைத் தனியா விட்டது தப்பு. கெளம்புங்க, தேடிப் பார்ப்போம்."

"நல்ல காரியத்துக்கு மூணு பேராப் போகக்கூடாதே, மாமா?" என்றான் மொக்கராசு.

"செல்போனைச் சேர்த்தா நாலுல்லடா!"

வேலி இடுக்கு, பாலத்தடி, கோயில் பின்பக்கம் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். செய்தி எங்கேயும் சிக்கிக்கொண்டிருக்கவில்லை.

மேலப்பட்டியில் சோலைமலை வாசலுக்கே ஓடிவந்தார். "வாங்க, வாங்க! என்ன முடிவு பண்ணீங்க?"

மொக்கராசு சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். "மெசேஜ்ல மட்டும்னு நீங்கதானே சொன்னீக?" என்றார் ஒச்சப்பன். "பேச்சு மாறலாமா?"

"அதுவும் நியாயந்தான்," என்று தலையாட்டினார் சோலைமலை. "ஆனா பதில் வருதான்னு பார்த்துக்கிட்டே தண்ணி இறைச்சேன். போன் கிணத்துக்குள்ள விழுந்திருச்சே!"

மொக்கராசுவுக்கு அழுகையே வந்துவிட்டது. வெயில் வேறு இறங்கிக்கொண்டிருந்தது. கதவோரம் பவுனுத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"போன் எங்க இருக்கோ, சேதியும் அங்கதானே போகணும்?" என்றான் அழகுமலை. கோணப்பட்டியில் அவன்தான் படித்தவன்.

எல்லோரும் கிணற்றடிக்குப் போனார்கள். பதில் தன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று சோலைமலை காதைப் பொத்திக்கொண்டார். மொக்கராசு குனிந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினான்: "சம்மதம்!"

"சம்மதம்!" என்றது கிணறு.

"ரெண்டாவது டிக்கு!" என்று துள்ளினார் ஒச்சப்பன்.

மொக்கராசு பவுனுத்தாயைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தான். அழகுமலை மட்டும் நகரவில்லை. "பொறுங்கப்பா. நீலமானாத்தானே படிச்சுட்டாகன்னு அர்த்தம்?"

நாலு பேரும் கிணற்றைச் சுற்றி உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார்கள். சூரியன் பனைமரத்துக்குக் கீழே போய்விட்டது.

பவுனுத்தாயி வீட்டுக்குள் போய், விறுவிறுவென்று திரும்பி வந்தாள். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைப் பாட்டிலோடு கிணற்றுக்குள் கவிழ்த்தாள்.

சோலைமலை எட்டிப் பார்த்தார். பிறகு மொக்கராசுவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "படிச்சுட்டேன், மாப்ளே!" என்றார்.