தயிர்சாதத்தில் விழுந்த பிராக்கெட்

தங்கபுஷ்பம் கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் உள்ளே பிராக்கெட். பல்லை நேராக்கும் கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டியிருக்க வேண்டிய, பொட்டு அளவு உலோகம்.

"மறுபடியும் விழுந்துட்டா? முறுக்கு தின்னீங்களா?" என்றான் ஜமாலுதீன்.

"தயிர்சாதம், டாக்டர்."

அவன் முகம் செத்துப் போயிற்று. பல் மருத்துவக் கல்லூரியில் இது கடைசி வருஷம். பரீட்சைக்குக் காட்ட அவனிடம் இருப்பது இவள் பல்வரிசை ஒன்றுதான்.

"இன்னொரு தடவ விழுந்தா நான் வேற டாக்டரப் பாத்துக்கிடுதேன். நகைக்கடையில நிக்கேன். வாரவங்க நகையப் பாக்காம என் வாயையே பாக்காங்க."

ஜமாலுதீன் பேராசிரியர் சற்குணத்திடம் ஓடினான்.

"பிரைமர் சரியில்ல சார். பசைக்கு முன்னால பூசுற மருந்தே மட்டமா இருந்தா எப்படி ஒட்டும்? வெளிநாட்டு பிரைமர் வாங்கினா..."

"நீ ஒட்டு. நான் பாக்கேன்."

சற்குணம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உதட்டையும் கன்னத்தையும் விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை அவள் வாயில் மாட்டினான் ஜமாலுதீன். பசை பிடிக்கப் பல்லைச் சொரசொரப்பாக்கும் ஆசிட் ஜெல் வைத்தான். கழுவினான். காற்றடித்தான். பல் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்தது. சுத்தமான வேலை. சற்குணமே தலையாட்டினார்.

ஜமாலுதீனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. வந்தவர்கள் பயப்படக் கூடாது என்று பேசிக்கொண்டே வேலை செய்பவன் அவன்.

"மழையில பஸ் கிடைச்சுதா?"

கேட்பது டாக்டர். பதில் சொல்லாமல் இருந்தால் என்ன மரியாதை?

"ஆஹ்... ஹெடச்சுது."

நாக்கு எழுந்து வந்து பல்லை ஒரு துடை துடைத்துவிட்டுப் போனது. எச்சில் பட்டதும் வெளுப்பைக் காணோம். ஜமாலுதீன் பிரைமரைத் தொட்டுப் பூசப் போனான்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

"நிறுத்து" என்றார் சற்குணம். டிராயரைத் திறந்து இன்னொரு வளையத்தை எடுத்தார். "வாயைத் திற."

"நானா சா..."

வளையம் உள்ளே போய்விட்டது. ஜமாலுதீன் காது வரை இளித்துக்கொண்டு நின்றான். மேலே மாஸ்க்கையும் அவரே இழுத்துவிட்டார்.

"முதல்ல இருந்து செய். அதே பிரைமர்."

தங்கபுஷ்பம் சிரிப்பை அடக்கக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஆசிட். தண்ணீர். காற்று. பல் வெளுத்தது. பழக்க தோஷம், அவனுக்கு ஏதோ கேட்க வந்தது. மாஸ்க்குக்குள் "ஹ்ஆ" என்று காற்று போனது, அவ்வளவுதான். என்ன கேட்டான் என்று புரிந்தால்தானே அவள் பதில் சொல்வாள்? நாக்கு கிடந்த இடத்தில் கிடந்தது. பல் வெள்ளையாகவே இருந்தது. ஜமாலுதீன் அதையே பார்த்தபடி ஒரு கணம் நின்றான். தாடையில் அவன் எச்சில் வழிந்தது.

பிரைமர் பூசினான். பிராக்கெட்டைப் பசையோடு வைத்து அழுத்தினான். பிதுங்கியதை வழித்தான். பசை இறுக நீல விளக்கைக் காட்டினான்.

சற்குணம் கொக்கியால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. எழுந்து போய்விட்டார்.

அடுத்த மாதம் தங்கபுஷ்பம் வெறுங்கையோடு வந்தாள்.

"ஒண்ணும் விழல டாக்டர். ஒளிச்சு வச்சு முறுக்குகூடத் தின்னு பாத்துட்டேன்."

ஜமாலுதீன் பேசவில்லை. பழைய கம்பியைக் கழற்றினான்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியமா டாக்டர்?" என்றாள்.

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டு பேராசிரியரைப் பார்த்தான்.

சற்குணம் நிமிரவில்லை.

"பதில் சொல்லுடே. இன்னைக்கு ஒட்டுற வேலை கிடையாது."