முன்னால் போன துண்டு

“இப்படி ஊர்ந்துக்கிட்டே போனா எங்க ஆத்தாவ உசுரோட பாக்க மாட்டேன், சாமி” என்றான் பொன்னுரங்கம்.

மலைமேல் இருந்த ஆசிரமத்தின் ஜீப்பை ஓட்டுகிறவன் அவன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அவனுடைய குரு, தவமணி அம்மை. அடிவாரத்து ஆஸ்பத்திரியில் அவன் தாய் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தாள். மகன் பெயரை மட்டும் சொல்கிறாளாம். மத்தியானம்தான் தகவல் வந்தது.

நாள்கணக்காகப் பெய்த மழை அன்றைக்கு ஓய்ந்திருந்தது. ஓய்ந்த இடத்தில் பனி இறங்கிவிட்டது. பொழுது சாயவில்லை, அதற்குள் இருட்டு.

அவன் வேகத்தைக் கூட்டினான்.

“மெதுவா போ.”

“தெரிஞ்ச ரோடு சாமி. கண்ணை மூடிக்கிட்டு ஓட்டுவேன்.”

“உனக்குத் தெரிஞ்சது வெயில் காலத்து ரோடு.”

அவன் பிரைட் லைட்டைப் போட்டான். எதிரே வெள்ளைச் சுவர் எழுந்து நின்றது. அடுத்த வளைவில் டயர் வழுக்கி, ஓரத்துக் கல்லை உரசிக்கொண்டு ஜீப் நின்றது.

“பிரைட்டை அணை” என்றார் அம்மை.

“அணைச்சா என்ன தெரியும்?”

“இப்ப என்ன தெரியுது?”

அவன் பார்த்தான்.

“பனி.”

லைட்டைத் தாழ்த்தினான். சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் ரோடு தெரிந்தது. கொஞ்சம்தான்.

அம்மை அவன் கழுத்தில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்துக்கொண்டு இறங்கினார். அதைத் தன் முதுகில் விரித்துப் போட்டுக்கொண்டார். அந்த மலையில் பனி அடைத்தால் லாரிக் கிளீனர் அப்படித்தான் முன்னால் நடப்பான். டிரைவர் துண்டைப் பார்த்தே ஓட்டுவான்.

“சாமி, அது கிளீனர் வேலை.”

“கிளீனர் இருந்தா கூப்பிடு.”

அம்மை நடந்தார். வெறும் கால். இடது காலைச் சாய்த்துச் சாய்த்துத்தான் வைப்பார். பின்னால் ஜீப் முதல் கியரில் முனகியது.

அவன் ஹாரன் அடித்தான். அம்மை திரும்பவில்லை.

மறுபடியும் அடித்தான். துண்டு அதே நடையில் போனது.

ஆத்தா வாசலைப் பார்த்தபடி கிடப்பாள் என்று நினைத்தான். குருவாவது ஒன்றாவது, ஒதுக்கிவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தும் விட்டான்.

துண்டு நின்றது.

அவன் கால் பிரேக்கில் விழுந்தது. வண்டி அந்த இடத்திலேயே நின்றது.

இறங்கிப் போய்ப் பார்த்தான். அம்மையின் பாதத்துக்கு அந்தப் பக்கம் ரோடு இல்லை. வளைவு முழுக்கச் சரிந்து பள்ளத்துக்குப் போயிருந்தது. கீழே எங்கேயோ ஒரு கல் இன்னும் உருண்டுகொண்டிருந்தது.

ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்தான்.

தலையைத் தூக்கிக் கேட்டான். “ரோடு போனது உங்களுக்கு எப்படிச் சாமி தெரிஞ்சது?”

“தெரியாது. அதனாலதான் நடந்தேன்.”

“ஆத்தா எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பா.”



அப்போது மேல் வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. தெரிந்த ரோட்டில் வருகிற சத்தம். பனிக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

பொன்னுரங்கம் எழுந்தான். அம்மையின் முதுகிலிருந்த துண்டை எடுத்துத் தன் நெஞ்சுக்கு நேராக விரித்துப் பிடித்தான்.

அடிவாரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேட்டில் ஏறினான்.