யாரும் தொடாத செம்பு

"சாமி, மோசம் போயிட்டோம்!"

கஞ்சிச் சபையின் செயலாளர் தவசிலிங்கம் மூச்சு வாங்க ஓடிவந்து நின்றார். மலையடிவாரத்தில் வழிப்போக்கருக்குக் கஞ்சி ஊற்றுகிற சபை அது. அதை உண்டாக்கிய சாமி, செயலாளரைவிடப் பத்து வயது இளையவர். அப்போது பயறில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி?"

"கூட்டக் குறிப்புப் புத்தகத்தைக் கரையான் தின்னுட்டு. அட்டைதான் மிச்சம்."

"கரையானுக்கும் பசிக்கும்லா."

"சிரிக்காதீங்க சாமி. வாசல்ல வெள்ளத்தாய் வந்து நிக்கா."

சாமியின் கை நின்றது.

போன வருஷம் சாமி யாத்திரை போயிருந்த சமயத்தில் சபையை விட்டு நீக்கப்பட்டவள் வெள்ளத்தாய்.

"என்ன கேக்காங்க?"

"எதுக்கு நீக்குனீங்கன்னு எழுத்துல குடுங்கங்கா. மாப்பிள்ளை வீட்டுல, 'உங்கம்மை அப்படி என்ன செஞ்சா'ன்னு கேட்டு மக சம்பந்தத்தையே நிறுத்தி வச்சிருக்காங்களாம்."

"குடுத்துர வேண்டியதுதானே?"

"புத்தகம் இல்லையே! பேசாம நானே ஒண்ணு எழுதி, எல்லார் கையெழுத்தையும் வாங்கிருதேன்."

"என்னன்னு எழுதுவீங்க?"

"நடந்ததைத்தான். நான் அங்கனதானே இருந்தேன்!"

"நீங்க மட்டுமா இருந்தீங்க? எல்லாரையும் கூப்பிடுங்க. ஆளுக்கொரு தாள். ஒருத்தர் எழுதுறதை ஒருத்தர் எட்டிப் பார்க்கக் கூடாது."

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தின் நடுவில் செம்பு நிறையத் தண்ணீர் வைப்பார்கள். தீர்மானத்தை வாசித்ததும், பிடிக்காதவர் செம்பைச் சாய்த்துவிடலாம். பேச வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம். தண்ணீர் சிந்தினால் தீர்மானம் செல்லாது. யாரைப் பற்றிய தீர்மானமோ அவர் மட்டும் தொடக் கூடாது. இதைவிடச் சுளுவாக யார்தான் வழி செய்து கொடுப்பார்கள்?

தாள்கள் வந்தன. சாமி அவற்றைத் தவசிலிங்கத்திடமே நீட்டினார்.

"வாசிங்க."

"'அரிசி குறைந்ததற்காக நீக்கினோம். நான் செம்பைத் தொடவில்லை.'"

"அடுத்தது."

"'எதிர்த்துப் பேசியதற்காக. நான் செம்பைத் தொடவில்லை.'"

"ம்."

"'கூட்டத்துக்கு வராமல் இருந்ததற்காக…' அட பாவி! அவ அன்னைக்கு முன்வரிசையிலல்லா உட்கார்ந்திருந்தா!"

"வாசிங்க அண்ணாச்சி."

"'காரணம் ஞாபகம் இல்லை. நான் செம்பைத் தொடவில்லை.'"

தவசிலிங்கம் வேகமாகப் புரட்டினார். மிச்சத் தாள்களிலும் ஆளுக்கொரு காரணம். செம்பைத் தொடவில்லை என்பதில் மட்டும் ஒருத்தருக்கும் மறதி இல்லை.

கடைசித் தாளைப் பார்த்துத் திடுக்கிட்டார். அது அவர் எழுதியது. செம்பைத் தொடவில்லை என்று அதிலும் இருந்தது. காரணத்துக்கு விட்ட இடம் காலியாகக் கிடந்தது.

"நடந்தது தெரியும்னீங்களே?"

"ஐயோ சாமி… எழுத உட்கார்ந்தேன், ஒண்ணும் வரலை. பிறகு எழுதிக்கலாம்னு விட்டேன். ஒரு பொம்பளையை எதுக்கு வெளியே அனுப்பினோம்னு ஒருத்தருக்குமா தெரியலை? என்ன மனுஷங்க நாங்க!"

சாமி எழுந்து போய் வெள்ளத்தாயை உள்ளே அழைத்து வந்தார். செம்பில் தண்ணீர் நிரப்பித் தவசிலிங்கத்தின் முன்னால் வைத்தார்.

"அவங்க கேட்டு வந்திருக்காங்க. அன்னைக்கு வாசிச்ச தீர்மானத்தைத் திரும்ப வாசிங்க."

தவசிலிங்கம் தன் தாளைத் தூக்கிப் பிடித்தார்.

"வெள்ளத்தாயைச் சபையிலிருந்து நீக்க…"

அடுத்து வாசிக்கக் காரணம் இருக்க வேண்டிய இடம் காலி. தாளைக் கீழே வைத்தார். சட்டென்று கையை நீட்டிச் செம்பைத் தள்ளிவிட்டார்.

தண்ணீர் தரையில் ஓடி வெள்ளத்தாயின் காலை நனைத்தது. அவள் நகரவில்லை. கவிழ்ந்து கிடந்த செம்பைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கும் இது இவ்வளவு கிட்டத்தானே இருந்துச்சு, அண்ணாச்சி?"